மாஸ்டர் மாறிட்டார்

செக்கர் சாரிடம் எந்த ஓட்டலைப் பற்றிக் கேட்டாலும் பதில் இரண்டில் ஒன்றுதான். "மாஸ்டர் மாறிட்டார்" என்பது ஒன்று. "இன்னும் மாறல, மாறிடுவார்" என்பது மற்றொன்று.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு உண்டு. பென்ஷன் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. கும்பகோணத்தில் அதை யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. சோழன் போக்குவரத்துக் கழகமாக இருந்த காலத்தில் கண்டக்டராகச் சேர்ந்தவர். அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டமாக ஆன பிறகு செக்கிங் இன்ஸ்பெக்டராகி ஓய்வு பெற்றார். நடுவழியில் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறியவுடன், யாரிடம் டிக்கெட் இல்லை என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். ஓய்வுக்குப் பிறகு பஸ்ஸில் ஏறுவதை விட்டு ஓட்டலில் ஏறத் தொடங்கினார். தோரணை மட்டும் மாறவில்லை.

இவர் கும்பகோணத்தின் தனிச்சொத்து என்று எண்ண வேண்டாம். காரைக்குடியில் இவர் நகைக்கடைக் கணக்குப்பிள்ளையாக இருப்பார். திருநெல்வேலியில் தமிழ் வாத்தியாராக இருந்து, அல்வாவைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிடாதவனை மனிதனாகவே மதிக்க மாட்டார். திண்டுக்கல்லில் பிரியாணிக்குச் சீரக சம்பாவைத் தவிர வேறு அரிசி போட்டவன் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். சென்னையில் இந்த இனம் பிழைக்காது. அங்கே ஓட்டல்கள் ஆயிரக்கணக்கில்; தீர்ப்புச் சொல்லி மாளாது. கிராமத்தில் டீக்கடையோடு சரி. சின்ன நகரம்தான் இவர்களுக்குச் சரியான அளவு. விடிந்ததும் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் எல்லாக் கல்லாப்பெட்டிகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம்.

அவர் ஓட்டலுக்குள் நுழைவதே பார்க்கவேண்டிய காட்சி. வாசலில் நின்று மூச்சை ஒரு இழு இழுப்பார். சாம்பார் இறக்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது அதில் தெரிந்துவிடுமாம். அடுத்து, கல்லாவில் யார் என்று பார்ப்பார். முதலாளி உட்கார்ந்திருந்தால் டிபன். முதலாளியின் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தால் காபியோடு நிறுத்திக்கொள்வார். ஏ.சி. அறைக்குள் மட்டும் கால் வைக்க மாட்டார். அதே தோசைக்கு அங்கே விலை கூட என்பதல்ல காரணம் என்று, நாம் கேட்காமலே சொல்லுவார். "சட்னி ஜில்லிட்டுப் போயிடும் தம்பி." உட்காரும் இடமும் கணக்குப் பார்த்துத்தான். சமையல்கட்டுக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே தோசைக்கல் கண்ணில் பட வேண்டும்.

முதலில் ஒரே ஒரு இட்லி சொல்லுவார். புதிதாகச் சேர்ந்த சர்வர் "ஒண்ணு மட்டுமா சார்?" என்று கேட்டால், பழைய சர்வர் பின்னாலிருந்து கண்ணைக் காட்டுவார். இட்லி வந்ததும் சாப்பிட மாட்டார். ஆள்காட்டி விரலால் நடுவில் ஒரு அழுத்து. அமுங்கிய இடம் எழுந்து வருகிறதா என்று காத்திருப்பார். எழுந்தால் உளுந்து சரியாக ஆட்டியிருக்கிறது. எழாவிட்டால் முந்தின ஈடு. லேசாகப் புளிப்பு தட்டினால், "மாவு ஒரு ஸ்டேஜ் தாண்டிடுச்சு" என்பார். இத்தனை வருஷம் ஆகியும் அவர் நாக்கு கும்பகோணம் கோட்டத்திலிருந்து ஓய்வு பெறவில்லை.

அப்புறம் சாம்பார். வாளியோடு வரும் பையனிடம், "அடியிலேருந்து கலக்கி ஊத்து தம்பி" என்பார். மேலாக மொண்டு ஊற்றுவதும், டிக்கெட் கிழிக்காமல் காசு வாங்கிக்கொள்வதும் அவர் சட்டத்தில் ஒரே பிரிவில் வருகிற குற்றங்கள். சொல்லப்போனால், சாம்பார் விஷயத்தில் அவர் சொல்வதை நான் எதிர்த்துப் பேசியதில்லை. பருப்பு வெந்தது, புளி பச்சை வாடை போகக் கொதித்தது, பெருங்காயம் விழுந்த நேரம் என்று அவர் அடுக்கும்போது, உள்ளே இருந்து பார்த்தவர் போலச் சொல்வார். மற்றதில் பாதி நாடகம். சாம்பாரில் மட்டும் மனிதர் நிஜம்.

மாஸ்டர் விஷயத்துக்கு வருவோம். ஓட்டல் என்பது கட்டடமோ பெயர்ப்பலகையோ அல்ல, அடுப்பின் முன்னால் நிற்கும் ஆள்தான் என்பது அவருடைய ஒற்றைக் கொள்கை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. சின்ன ஊர் ஓட்டலின் ருசியைத் தாங்கி நிற்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான்: ஒரு சரக்கு மாஸ்டர், கல்லில் நிற்பவர் ஒருவர், காபி போடுபவர் ஒருவர். இவர்கள் சேரும்போதே முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொள்வார்கள். இன்னொருவர் அதைவிடப் பெரிய அட்வான்ஸ் கொடுத்தால், பழையதைத் திருப்பிக் கட்டிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பெயர்ப்பலகை அங்கேயே இருக்கும். வாடிக்கைக்காரரும் அங்கேயே இருப்பார். ரசம் மட்டும் ஊரின் மறுகோடிக்குக் குடி போயிருக்கும்.

இந்த இடப்பெயர்ச்சி முழுவதும் செக்கர் சாரின் தலைக்குள் அட்டவணையாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ரசத்துக்குத் தாராசுரத்துக்கு டிரான்ஸ்பர். தாராசுரத்து அடை, சுவாமிமலையில் டெபுடேஷனில் இருக்கிறது. பெரிய கடைத்தெருவில் ஒரு காலத்தில் ஓகோ என்றிருந்த ரவா தோசை, மகளுக்குக் கல்யாணம் ஆனதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சொந்த ஊர் போய்விட்டது.

காலக்கணக்குக்கு அவர் ஆங்கில வருஷத்தையும் நம்புவதில்லை, தமிழ் வருஷத்தையும் நம்புவதில்லை. அவர் பஞ்சாங்கத்தில் இருப்பது மகாமகம் மட்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவதால் ஓட்டல் சரித்திரத்துக்கு வசதியான அளவுகோல். "92 மகாமகத்துக்கு முந்தி நீ இங்க போண்டா சாப்பிட்டிருக்கணும்" என்பார். எனக்கு அப்போது போண்டாவைக் கடிக்கப் பல் முழுசாக முளைத்திருக்கவில்லை. "2004 மகாமகத்தோட இந்த ஓட்டல் முடிஞ்சுது" என்று ஒன்றைச் சொல்வார்; அது 2016 மகாமகத்தையும் தாண்டி, இன்றைக்கும் நிற்க இடமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. 2028க்கு இன்னும் நாள் இருக்கிறது என்பதுதான் அவருடைய பதில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முகத்தில் ஒரு விசேஷக் களை இருக்கும். கடப்பா நாள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துக்கு வெளியே இந்தப் பெயரைச் சொன்னால் ஆந்திராவில் தரைக்குப் போடுகிற கல்லைத்தான் நினைப்பார்கள். பாசிப்பருப்பை வேகவைத்து, உருளைக்கிழங்கை மசித்துப் போட்டு, தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்து விட்டு, இறக்கி எலுமிச்சை பிழிவது. இட்லிக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். கடப்பாவுக்குத் தொட்டுக்கொள்ள இட்லி தருகிறார்கள் என்பது செக்கர் சாரின் பார்வை. அதில் மிளகாய்த்தூள் விழுந்து நிறம் ஒரு பொட்டு சிவந்திருந்தால் போச்சு. "இது குருமா" என்று எழுந்துவிடுவார். அந்தச் சொல்லை அவர் சொல்கிற விதத்தில், பக்கத்து மேஜையில் பூரிக்குக் குருமா கேட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவி கூடத் தலையைக் குனிந்துகொள்வான்.

வெளியூர்க்காரர்கள் அவரிடம் மாட்டிக்கொள்வதுதான் பாவம். நவக்கிரகக் கோயில்களைச் சுற்றிக் கும்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஊரில்தான் தங்குவார்கள். கும்பேசுவரர் கோயில் பக்கம் மங்களாம்பிகா விலாஸ், காந்தி பூங்கா பக்கம் வெங்கட்ரமணா என்று யாரோ எழுதிக் கொடுத்த சீட்டு சட்டைப்பையில் இருக்கும். நேராகப் போய்ச் சாப்பிட்டிருக்கலாம். தெருமுனையில் வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக நிற்கும் பெரியவரிடம், "சார், இங்க டிபன் எங்க நல்லாருக்கும்?" என்று வாயைக் கொடுத்துவிடுவார்கள்.

"எத்தனை மணிக்குச் சாப்பிடப் போறீங்க?"

"இப்பத்தான் சார்."

"இப்பன்னா மணி ஒன்பதே முக்கால். இட்லி வேண்டாம். அங்க கடைசி ஈடு. ரவா சாப்பிடுவீங்களா? வெங்காயம் போட்டதா, போடாததா? குழந்தைக்கு என்ன வயசு?"

விசாரணை முடிந்து அவர் ஒரு ஓட்டலின் பெயரை வெளியிடும்போது எல்லா ஓட்டலிலும் டிபன் முடிந்து, சாப்பாட்டுக்கு இலை நறுக்கிக்கொண்டிருப்பார்கள். சனி பகவானைப் பார்க்கப் புறப்பட்ட குடும்பம், ஊரிலேயே ஒரு சுற்று அவரைத் தரிசித்துவிட்டுப் பசியோடு திருநள்ளாறு போகும்.

உள்ளூரில் அவர் நடை, வெளியூருக்குப் பஸ். ஓய்வு பெற்ற ஊழியருக்குக் கழகம் தரும் இலவச பஸ் பாஸை இவர் அளவுக்குப் பயன்படுத்தியவர் வேறு யாரும் இருக்க முடியாது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு "அலைச்சல் ஒத்துக்கல" என்று போகாமல் இருப்பார். திருவையாற்றில் அசோகா இறக்குகிற நேரத்துக்குப் போய் நிற்பார். சிதம்பரத்தில் நடராஜரைப் பார்க்கும் வரிசை நீளம் என்றால், கொத்சைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். இதில் பஸ்ஸுக்குச் செலவில்லை என்பதால் தின்கிற செலவைச் செலவாகவே எழுதமாட்டார்.

ஆனால் நெடுஞ்சாலையில் பஸ் நிற்கும் மோட்டல் என்றால் வாயைத் திறக்க மாட்டார். ஒரு நாள் வற்புறுத்திக் கேட்டேன். "தம்பி, அங்க ரெண்டு சமையல். வெளியில பாசஞ்சருக்கு ஒண்ணு. உள்ளாற டிரைவர் கண்டக்டருக்கு ஒண்ணு. முப்பது வருஷம் நான் உள்ளாற சாப்பிட்டவன். வெளியில இருக்கறதப் பத்தி எனக்கென்ன தெரியும்?" என்றார். அவர் தீர்ப்புச் சொல்ல மறுத்தது அந்த ஒரு விஷயத்தில்தான். நன்றி மறவாத மனிதர்.

அந்தச் சாலையில் அவருக்கு இன்னொரு ஆற்றாமை உண்டு. சென்னையைத் தாண்டியதிலிருந்து விழுப்புரம் வரைக்கும் வழி நெடுக "கும்பகோணம் டிகிரி காபி" பலகைகள். "கும்பகோணத்துல இருக்கறதவிட அங்கதான் கும்பகோணம் அதிகம் இருக்கு" என்று பொருமுவார். தண்ணீர் கலக்காத பசும்பால் முதலில். அப்புறம் முதல் டிகாஷன். எல்லாம் சரியாக அமைந்த பிறகுதான் பித்தளை டபரா. சாலையோரத்துக்காரர்கள் கடைசியிலிருந்து ஆரம்பித்து அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. பித்தளைக்கு வந்த வாழ்வு.

செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டல் ஓட்டலாக ஏறும் இளைஞர்கள் வந்த பிறகு அவர் தொழிலுக்குப் போட்டி வந்துவிட்டது. அவர்கள் ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடி, "வேற லெவல்" என்கிறார்கள். "எந்த லெவல்னு சொல்லித் தொலைய மாட்டேங்கறானே" என்பது இவருடைய கவலை. கோபத்துக்கு இன்னொரு காரணமும் சொல்வார், அது காரணமுள்ள காரணம். வீடியோ வந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையில் கூட்டம் மூன்று மடங்கு. மாஸ்டர் அதே மாஸ்டர், அண்டா மட்டும் பெரிசு. அரைக்கிற தேங்காயும் கொதிக்கிற நேரமும் அண்டாவோடு சேர்ந்து வளருவதில்லை. வளருவது தண்ணீர் ஒன்றுதான். ஆகவே பேர் வாங்கிய கடையை அன்றே கைகழுவிவிடுவார். அவருக்கு நிஜமாகப் பிடித்த கடை எது என்பது அதனால்தான் ஊரில் யாருக்கும் தெரியாது. புகழ்கிற கடைக்கு அவர் போவதில்லை. போகிற கடையைப் பற்றிப் பேசுவதில்லை.

காலம் அவரை வேறு விதத்திலும் சோதித்தது. ஒரு ஓட்டலில் ரவா தோசை பிரமாதமாக வந்தது. ஓட்டை ஓட்டையாக, ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மிளகு முந்திரியோடு. செக்கர் சார் பேசவில்லை, இது அபூர்வம். எழுந்து நேரே உள்ளே போனார். கல்லுக்கு முன்னால் மீசை அரும்பாத ஒரு பையன்.

"எந்த ஊருப்பா நீ? மன்னார்குடியா?"

"கயா, சார்."

கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். "எங்க ஊர்க்காரங்க திதி கொடுக்க உங்க ஊருக்கு வர்றாங்க. நீ தோசை ஊத்த எங்க ஊருக்கு வந்திருக்க" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையில் கையை விட்டு அவனுக்கு ஒரு ஐம்பது ரூபாய் கொடுத்தார். அவர் ஒரு மாஸ்டருக்குக் காசு கொடுத்ததை ஊர் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. வெளியே வந்ததும் இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். கயாவை அவர் இன்னும் அட்டவணையில் ஏற்றவில்லை என்று நினைக்கிறேன்.

இரவுக் கடைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பரோட்டாவுக்கு அவர் நிபுணர் அல்ல. சால்னாவில் இலவங்கம் கூடிவிட்டது என்று ஒப்புக்கு ஒரு குறை சொல்லிவிட்டு நாலு பரோட்டா சாப்பிடுவார். முனியாண்டி விலாஸ் பலகையைப் பார்த்தால் மட்டும், மதுரைப் பக்கம் வடக்கம்பட்டியில் முனியாண்டி கோயில் திருவிழாவில் பிரியாணியே பிரசாதம் என்று ஆரம்பித்துவிடுவார். "சாமி கும்பிடற மாதிரியா கும்பிடறான் பாரு" என்பதில் பொறாமை சொட்டும்.

புறவழிச்சாலைப் பக்கம் புதிதாக ஒரு கஃபே வந்திருக்கிறது. சுவரில் இரண்டு இறக்கை வரைந்திருப்பார்கள். அதன் நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். கல்லூரியில் படிக்கும் பேத்தி தாத்தாவை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். சாட்சிக்கு நானும். கப்புச்சினோ விலையைப் பார்த்து, "இது வருஷச் சந்தாவா?" என்று கேட்டுவிட்டு, நேராக மெஷினுக்கு முன்னால் நின்ற பையனிடம் போனார்.

"டிகாஷன் எப்ப இறக்கினது தம்பி?"

"இப்பதான் சார், இறங்கிட்டிருக்கு."

"எப்ப ஊத்தின?"

"இப்பதான் சார். இருபத்தஞ்சு செகண்டுல இறங்கிடும். பிரஷர்ல இறங்குது."

ராத்திரியே பில்டரில் வெந்நீர் விட்டுவிட்டுப் படுக்கிற வம்சம். செக்கர் சார் மெஷினை ஒரு தரம் சுற்றிப் பார்க்க முயன்றார்; சுவர் இடம் கொடுக்கவில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"ரெண்டாவது டிகாஷன் எதுல கலப்பீங்க?"

"ரெண்டாவதே கிடையாது சார். ஒரு தடவை இறங்கினதும் தூளைத் தட்டிப் போட்டுருவோம்."

காபிக்கடைகளில் அவர் ஆயுள் முழுக்க நடத்திய வழக்கே ரெண்டாவது டிகாஷன் மேல்தான். எதிராளி அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டால் வழக்கறிஞர் என்ன செய்வார்? வாயடைத்து வந்து உட்கார்ந்தார். கோப்பை வந்தது. நுரை மேல் வெள்ளையாக ஒரு உருவம். அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பரவால்லியே. ஊர் அபிமானம் இருக்கு. வெத்தலை போட்டிருக்கான்."

"தாத்தா, அது ஹார்ட்" என்றாள் பேத்தி.

"காம்பு இருக்கு பாரு. கும்பகோணம் வெத்தலைதான்." 2025இல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை அந்தப் பையன் கொண்டாடுகிறான் என்றே அவர் முடிவு கட்டிவிட்டார். காவிரிக்கரைக் கொழுந்து வெற்றிலையின் அருமை அரசாங்கத்துக்கு இவ்வளவு தாமதமாகவா தெரிய வேண்டும் என்று கோப்பை ஆறும்வரை பேசினார். கிளம்பும்போது கேட்டேன், எப்படி என்று. "பையன் கெட்டிக்காரன். நிக்க மாட்டான். மெட்ராஸ்காரன் கொத்திட்டுப் போயிடுவான்."

இவ்வளவு குறை சொல்கிறவரின் வீட்டுச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு ஒரு நாள் போனேன். அம்மாள் ரசத்தை ஊற்றினார். உப்பு இல்லை, துளிக்கூட இல்லை. செக்கர் சார் ஒரு வார்த்தை பேசாமல் கலந்து சாப்பிட்டு, மோருக்குக் கையை நீட்டினார். அந்த வீட்டில் அவர் வாயைத் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டுமே என்று தெரிந்தது.

ஓட்டல்காரர்கள் அவரை ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு வெகுநாளாக இருந்தது. நாலு ஓட்டல் மாறியும் அவர் விடாமல் தேடிப் போய்ச் சாப்பிடும் ஒரு மாஸ்டரை, ஒரு நாள் ஓட்டலின் பின்கட்டில் பார்த்தேன். வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து எதிர்க்கடை டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். (ஊருக்கெல்லாம் காபி கொடுக்கிற ஓட்டல்.)

"செக்கர் சார் தொந்தரவு தாங்க முடியலயா மாஸ்டர்?"

"தொந்தரவெல்லாம் இல்லீங்க. அவர் குரல் கேட்டுதுன்னா, அவருக்குப் போற தோசையில மட்டும் ஒரு ஓரத்தைக் கொஞ்சம் வெளுப்பா விட்டுடுவேன்."

"எதுக்கு?"

"எல்லாம் சரியா இருந்தா மனுஷன் தவிச்சுப் போயிடறாருங்க. ஒரு நா அப்படித்தான், சட்னி, சாம்பார், தோசை, காபி எல்லாமே அமைஞ்சு போச்சு. கை கழுவற எடத்துல கால் மணி நேரம் நின்னுட்டு, கடைசில சோப்பு நுரைக்கலன்னு முதலாளிகிட்ட சண்டை போட்டுட்டுப் போனாரு. ரெண்டு வாரம் வரல. அதுலேருந்து ஒரு ஓரம் விட்டுடறதுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஓட்டலுக்கு அவரோடு போனேன். நெய் ரோஸ்ட் வந்தது. பொன்னிறம், ஒரு ஓரம் மட்டும் வெளுத்திருந்தது. செக்கர் சார் அதைத் தொடவில்லை. விரலால் சுட்டினார். முகத்தில் அப்படி ஒரு தெம்பு.

"பாத்தியா? கல்லு ஒரு பக்கம் காயல. கைல பிசகு இல்ல, கவனத்துல பிசகு. பெரிய மாஸ்டர்தான், இருந்தாலும் பாரு." வெளுத்த ஓரத்தை முதலில் பிய்த்துக் கடப்பாவில் முக்கிச் சாப்பிட்டார். பிறகு மீதியை. பிறகு விரல்களை. இலையில் ஒன்றும் மிச்சமில்லை. சர்வரைக் கூப்பிட்டு, "இன்னொண்ணு கொண்டா" என்றார்.

சர்வர் சமையல்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே குரல் கொடுத்தார்: "செக்கர் சாருக்கு இன்னொரு நெய் ரோஸ்ட்டு! அதே மாதிரி!"